வெளிநாட்டில் ஆக்குபேஷனல் தெரபி படிக்க: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வெளிநாட்டுக்கு ஆக்குபேஷனல் தெரபி, சுருக்கமாக ஓ.டி., படிக்கக் கிளம்பும் பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் பார்த்துக் கொடுத்து வருகிறேன். நோயோ குறைபாடோ உள்ளவர்கள் சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளைத் தாங்களே செய்ய உதவும் சிகிச்சை இது. தடுமாறுபவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். முதலில் ஒரு பல்கலைக்கழகத்தைப் பிடிக்கிறார்கள், அப்புறம் கடன், அப்புறம் விசா. "படித்து முடித்தால் அங்கே லைசென்ஸ் கிடைக்குமா?" என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அதை முதலில் கேட்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் இருக்கின்றன. வகுப்பு தொடங்கும் மாதத்திலிருந்து பின்னோக்கி ஒன்றரை வருடம் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

1. நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள்?

இங்கே மூன்று வகையினர் இருக்கிறார்கள்: பிளஸ் டூ முடித்தவர், வேறு பட்டம் முடித்தவர், ஏற்கெனவே பி.ஓ.டி. (ஓ.டி. இளங்கலை) முடித்தவர். மூவருக்கும் வழி வேறு வேறு.

பிளஸ் டூ முடித்தவர் நேராக வெளிநாட்டில் இளங்கலை சேரலாம். இங்கிலாந்தில் அது 3 ஆண்டு, ஸ்காட்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் 4 ஆண்டு. ஆனால் நம் ஊர்க் குடும்பங்களின் கையிருப்பைப் பார்த்துத்தான் சொல்கிறேன்: பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருந்தால், தமிழ்நாட்டிலேயே பி.ஓ.டி. படித்துவிட்டுப் போவது நல்லது. இங்கே அது 4 ஆண்டு படிப்பும் அதற்கு மேல் இன்டர்ன்ஷிப்பும். வேலூர் சி.எம்.சி.யிலும் கோவை கே.எம்.சி.எச்.சிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. சேரும் முன்பு அந்தக் கல்லூரியின் படிப்பு உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் கூட்டமைப்பின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். டபிள்யூ.எஃப்.ஓ.டி. என்று சொல்வது இந்த அமைப்பைத்தான். அந்தப் பட்டியலில் இருந்தால், பிற்பாடு எந்த நாட்டுக் கதவைத் தட்டினாலும் பேச்சு எளிதாகத் தொடங்கும்.

உளவியல், உயிரியல், பிசியோதெரபி, சமூகப்பணி போன்ற பட்டம் இருந்தால் உங்களுக்கு ஏற்றது 'ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்' முதுகலை, அதாவது ஓ.டி.யாகப் பதிவு பெறும் தகுதியைத் தரும் படிப்பு. ஆஸ்திரேலியாவில் இதையே 'கிராஜுவேட் என்ட்ரி' முதுகலை என்பார்கள். பெரும்பாலும் 2 ஆண்டு.

பி.ஓ.டி. கையில் இருப்பவர் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது. பிரிட்டனில் வேலை செய்வதற்கு நீங்கள் அங்கே போய் எம்.எஸ்சி. படித்தே ஆக வேண்டும் என்பதில்லை. அங்கே சுகாதாரத் தொழில்களைப் பதிவு செய்யும் எச்.சி.பி.சி. அமைப்பில், இந்தியப் பட்டத்தை வைத்து இங்கிருந்தே பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆஸ்திரேலியாவுக்கும் அப்படித்தான், ஓ.டி.சி. என்ற கவுன்சில் உங்கள் பட்டத்தை மதிப்பிடும். கனடாவில் அந்த மதிப்பீட்டுக்கு எஸ்.இ.ஏ.எஸ். என்று பெயர். அதை முடித்த பிறகு தேசியத் தேர்வு எழுத வேண்டும். பல லட்சம் கடன் வாங்கி முதுகலை சேருவதற்கு முன்பு, இந்த நேர்வழி உங்களுக்குத் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஆராய்ச்சிக்காகவோ சிறப்புத் துறைக்காகவோ முதுகலை படிப்பது வேறு விஷயம். அதை அந்தக் காரணத்துக்காகவே படியுங்கள்.

2. நாட்டை அதன் பதிவு அமைப்பை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

சொந்தக்காரர் இருக்கிறார், நண்பர் போயிருக்கிறார் என்பது தங்க இடம் தரும், பதிவு தராது. ஒவ்வொரு நாட்டிலும் இந்தத் தொழிலுக்குத் தனிக் காவலர் ஒருவர் இருக்கிறார். அவர் கேட்பதைத்தான் நீங்கள் சேர்க்க வேண்டும்.

பிரிட்டனில் எச்.சி.பி.சி. அது அங்கீகரித்த படிப்பை முடித்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கும் தகுதி வந்துவிடும். ஆஸ்திரேலியாவில், சுகாதாரத் தொழில்களைப் பதிவு செய்யும் ஆப்ரா அமைப்பின் கீழ் உள்ள ஆக்குபேஷனல் தெரபி வாரியம். அயர்லாந்தில் கோரு என்ற அமைப்பு.

அமெரிக்காவுக்குப் படிகள் அதிகம். அங்கே 2007 முதல் இந்தத் தொழிலுக்குள் நுழையும் தகுதியே முதுகலைதான். ஓ.டி. படிப்புகளை அங்கீகரிக்கும் ஏ.சி.ஓ.டி.இ. அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பு, அப்புறம் என்.பி.சி.ஓ.டி. என்ற தேசியச் சான்றளிப்பு அமைப்பின் தேர்வு, அப்புறம் வேலை செய்யப்போகும் மாநிலத்தின் லைசென்ஸ் என்று மூன்று கட்டம். இந்தியாவில் படித்தவர்கள் தேர்வுக்கு முன் ஓ.டி.இ.டி. என்ற தகுதி மதிப்பீட்டில் தேற வேண்டும். வேலை விசாவுக்கு மேற்கொண்டு, உங்கள் தகுதிகளைச் சரிபார்த்துத் தரும் 'விசா ஸ்கிரீன்' போன்ற சான்றும் கேட்பார்கள். அமெரிக்கா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இத்தனை கட்டத்துக்கும் தனித்தனியாகப் பணமும் காலமும் ஒதுக்கியவர்கள் போகட்டும்.

ஒரு நாடு, அதிகபட்சம் இரண்டு. நான்கு நாடுகளுக்கு ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பவர்கள் எந்த நாட்டின் விதியையும் முழுதாகப் படிப்பதில்லை.

3. படிப்பின் பெயரை எழுத்துக்கு எழுத்து பாருங்கள்

ஒரே பல்கலைக்கழகத்தில் 'எம்.எஸ்சி. ஆக்குபேஷனல் தெரபி, ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்' என்று ஒன்றும், 'எம்.எஸ்சி. அட்வான்ஸ்டு ஆக்குபேஷனல் தெரபி' என்று இன்னொன்றும் இருக்கலாம். முதலாவது புதிதாகத் தொழிலுக்கு வருபவருக்கு. இரண்டாவது ஏற்கெனவே பதிவு பெற்ற தெரபிஸ்டுக்கு, அது ஒரு வருடத்தில் முடிந்துவிடும். பெரும்பாலும் கட்டணமும் குறைவு. கட்டணத்தையும் காலத்தையும் பார்த்து இரண்டாவதில் சேர்ந்துவிட்டால், படிப்பு முடிந்த பிறகும் பதிவு கிடைக்காது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 'போஸ்ட் புரொஃபஷனல்' என்று பெயரில் இருந்தால் அது ஏ.சி.ஓ.டி.இ. அங்கீகரிக்கும் நுழைவுப் படிப்பு அல்ல.

ஆகவே பல்கலைக்கழகத்தின் விளம்பரப் பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். பதிவு அமைப்பின் தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளின் பட்டியல் இருக்கும். அங்கே போய் பல்கலைக்கழகம், படிப்பின் பெயர், முழுநேரமா பகுதிநேரமா என்று மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்திய பக்கத்தைத் தேதியோடு சேமித்து வையுங்கள்.

ஓசூரிலும் சேலத்திலும் பெங்களூரிலும் கன்சல்டன்சிகள் நிறைய. அவர்களில் பலருக்குப் பல்கலைக்கழகங்களிடமிருந்து கமிஷன் வருகிறது. கமிஷன் வருகிற இடத்தைத்தான் முதலில் காட்டுவார்கள், அது இயல்பு. அவர்களிடம் போவதில் தவறில்லை. "இந்தப் படிப்பை முடித்தால் ஓ.டி.யாகப் பதிவுக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியுமா?" என்ற ஒரு கேள்வியை மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலில் வாங்குங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது.

4. பெயரைச் சரிசெய்து பாஸ்போர்ட் எடுங்கள்

மற்ற எந்த ஆவணத்துக்கும் முன்பு இது முடிய வேண்டும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதே பெயரில்தான் ஆங்கிலத் தேர்வு, விண்ணப்பம், விசா எல்லாம் போகும்.

நம் பக்கம் இனிஷியல்தான் பெரிய சிக்கல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'பிரியா ஆர்', கல்லூரிச் சான்றிதழில் 'ஆர். பிரியா', ஆதாரில் 'பிரியா ராமசாமி', பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. நமக்கு நாலும் ஒரே பெண். அங்கே உட்கார்ந்து சரிபார்ப்பவருக்கு நாலு பேர். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதற்பெயருக்குப் பதிலாக 'எஃப்.என்.யூ.' என்று அச்சாகி வரும். அங்கே போய் வங்கிக் கணக்கு முதல் லைசென்ஸ் வரை ஒவ்வொரு இடத்திலும் அதை விளக்க வேண்டியிருக்கும்.

பாஸ்போர்ட் புதிதாக எடுப்பவர்கள் இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுங்கள். ஏற்கெனவே இருப்பவர்கள் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து மாற்றலாம். சான்றிதழ்களில் உள்ள வேறுபாட்டுக்கு நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, "இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கும்" என்று எல்லா வடிவங்களையும் அதில் வரிசையாகக் குறிப்பிடுங்கள். ஒன்றை விட்டாலும் அந்த ஒன்றைத்தான் கேட்பார்கள்.

5. ஆவணங்களில் மணிநேரக் கணக்கு இருக்கட்டும்

டபிள்யூ.எஃப்.ஓ.டி.யின் குறைந்தபட்சத் தரப்படி ஒரு மாணவர் 1000 மணிநேரமாவது நேரடிப் பயிற்சி செய்திருக்க வேண்டும். பி.ஓ.டி. முடித்தவர்களின் பட்டத்தை எந்த நாடு மதிப்பிட்டாலும் அந்த மணிநேரத்தைத் தேடும்.

நம் கல்லூரிச் சான்றுகள் பலவற்றில் "ஆறு மாத இன்டர்ன்ஷிப்பை நிறைவு செய்தார்" என்று ஒரே வரிதான் இருக்கிறது. அது போதாது. எந்த மருத்துவமனை, எந்தப் பிரிவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, மொத்தம் எத்தனை மணிநேரம், மேற்பார்வை செய்த தெரபிஸ்ட்டின் தகுதி என்ன என்று பிரிவுவாரியாக வேண்டும். எலும்பியல், நரம்பியல், குழந்தைகள், மனநலம் தனித்தனியாக இருந்தால் நல்லது. கல்லூரியில் இருக்கும்போதே நாள்தோறும் குறித்து, மாதக் கடைசியில் கையெழுத்து வாங்கி வையுங்கள். வெளியே வந்து மூன்று வருடம் கழித்துப் போனால் அந்த மேற்பார்வையாளர் வேறு ஊரில் இருப்பார், பதிவேடு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நீங்கள் படித்த வருடத்துப் பாடத்திட்டத்தின் முழு நகலும் தேவை. இப்போது நடப்பில் உள்ள பாடத்திட்டம் உதவாது. டிரான்ஸ்கிரிப்ட்டை, டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் படித்தவர்கள் கிண்டியில் உள்ள பல்கலைக்கழகத்திடமிருந்தும், மற்றவர்கள் அவரவர் பல்கலைக்கழகத்திடமிருந்தும் பெற வேண்டும். பல மதிப்பீட்டு அமைப்புகள் மாணவர் கையால் அனுப்பியதை ஏற்பதில்லை. பல்கலைக்கழகமே சீல் வைத்தோ மெயிலிலோ நேரடியாக அனுப்ப வேண்டும் என்று கேட்கும். விண்ணப்பிக்கும் அன்றே எத்தனை பிரதி வேண்டும் என்று கணக்கிட்டு, இரண்டு கூடுதலாகவே கேளுங்கள்.

6. ஆங்கிலத் தேர்வு: பல்கலைக்கழகம் ஒரு மதிப்பெண், பதிவு ஒரு மதிப்பெண்

பல்கலைக்கழகம் ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் 6.5 போதும் என்று சொல்லிச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இந்தியப் பட்டத்தோடு எச்.சி.பி.சி. பதிவுக்குப் போகும் ஓ.டி.க்கு ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக்கில் மொத்தம் 7, எந்தப் பிரிவிலும் 6.5க்குக் குறையக் கூடாது. எழுதப் போகும்போதே உயர்ந்த எண்ணைக் குறியாக வையுங்கள். 'ஜெனரல்' தேர்வில் பணம் கட்டிவிடாதீர்கள், அது இதற்கு எடுபடாது.

மதிப்பெண் 2 ஆண்டுதான் செல்லும். அதனால் மிகச் சீக்கிரம் எழுதுவதும் வீண். தருமபுரிக்காரர்களுக்கும் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கும் பெங்களூர் தேர்வு மையங்கள் வசதி. முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள். ஓசூர் தாண்டியதும் நெரிசல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் பெரும்பாலும் எழுத்துப் பிரிவில் அரை மதிப்பெண்ணை விடுகிறார்கள். அதற்கு மருந்து தினமும் ஒரு பக்கம் எழுதி, தெரிந்த ஒருவரிடம் திருத்தி வாங்குவதுதான். கேட்பதையும் படிப்பதையும் தனியாகச் செய்துகொள்ளலாம், எழுத்துக்கு மட்டும் இன்னொரு கண் வேண்டும்.

7. வேலையை நேரில் பார்த்துவிட்டு எழுதுங்கள்

வேறு பட்டத்திலிருந்து வருபவர்களிடம் நேர்முகத்தில் கட்டாயம் வரும் கேள்வி: "பிசியோதெரபி இருக்க, ஏன் ஓ.டி.?" இதற்குப் படித்து ஒப்பிக்கும் பதில் சில நொடியில் தெரிந்துவிடும். அமெரிக்கப் படிப்புகள் பல, தெரபிஸ்ட் ஒருவருடன் இருந்து பார்த்த மணிநேரத்துக்குச் சான்றே கேட்கின்றன.

எங்கே பார்ப்பது? மாவட்ட அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம், சிறப்புப் பள்ளிகள், சேலத்திலும் ஓசூரிலும் உள்ள குழந்தைகள் தெரபி மையங்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எங்கே பணியில் இருக்கிறார் என்று முதலில் விசாரியுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். முடிந்ததும் தேதி, மணிநேரத்தோடு லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்குங்கள்.

பார்க்கும்போது குறிப்பெடுங்கள். பக்கவாதம் வந்து வலது கை விழுந்த ஒரு பெரியவரை எடுத்துக்கொள்வோம். கையை மேலே தூக்கப் பழகிவிட்டார், ஆனால் தட்டில் இருக்கும் ராகிக் களியைக் கிள்ளி உருட்ட விரல் ஒத்துழைக்கவில்லை. தெரபிஸ்ட் தட்டின் கீழே ஈரத்துணி போடுகிறார், நகராமல் இருக்க. விளிம்பு உயர்ந்த தட்டாக மாற்றுகிறார். களியைக் கொஞ்சம் இளக்கமாகக் கிண்டச் சொல்லி மருமகளுக்குச் சொல்கிறார். உட்காரும் உயரத்தையும் மாற்றுகிறார். அவர் தன் கையால் சாப்பிட வேண்டும் என்பதுதான் அங்கே இலக்கு. இப்படி ஒன்றை நேரில் பார்த்து எழுதினால், "சிறு வயதிலிருந்தே பிறருக்கு உதவ ஆசை" என்று தொடங்கும் எண்ணற்ற கடிதங்களிலிருந்து உங்கள் கடிதம் தனியாகத் தெரியும். நோயாளியின் பெயரையும் ஊரையும் மட்டும் எழுதாதீர்கள். அந்தரங்கம் காப்பதும் அவர்கள் சோதிக்கும் குணம்தான்.

8. பணம்: நிலப் பத்திரத்தை இப்போதே எடுத்துப் பாருங்கள்

அனுமதிக் கடிதம் வந்த பிறகு வங்கிக்குப் போவதுதான் வழக்கம். நம் பக்கம் அது தாமதம். காரணம் நிலம்.

ரூ.7.5 லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் பொதுத்துறை வங்கிகள் வழக்கமாகச் சொத்து ஈடு கேட்கும். காவேரிப்பட்டினம் பக்கம் ஏக்கர் கணக்கில் மாந்தோப்பு இருக்கிற குடும்பம், "நமக்கென்ன, நிலம் இருக்கிறதே" என்று தைரியமாகப் போகும். வங்கி விவசாய நிலத்தைப் பெரும்பாலும் ஏற்காது. கடன் திரும்பாவிட்டால் வங்கி நீதிமன்றம் போகாமலே சொத்தை எடுக்க உதவும் 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டம், அதன் 31ஆம் பிரிவின்படி விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. எடுக்க முடியாத சொத்தை ஈடாக வாங்க வங்கிக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். அவர்கள் விரும்புவது வீடு, அங்கீகாரம் பெற்ற மனை, வைப்புத்தொகை போன்றவை.

வீடு இருந்தாலும் பார்க்க வேண்டியவை உண்டு. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறதா? கூட்டுப் பட்டாவா? அப்படியானால் சித்தப்பா, பெரியப்பா, அத்தை எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை, உட்பிரிவு என்று போனால் மாதங்கள் ஓடிவிடும். கிராம நத்தத்தில் உள்ள வீடென்றால் வங்கி தயங்கலாம், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது, கட்டட வரைபடம் நான்கையும் ஒரு கோப்பில் சேர்த்து, பல்கலைக்கழகம் தேடத் தொடங்கும் மாதத்திலேயே மேலாளரைப் பாருங்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள், முதுகலைக்குப் போவதென்றால் தமிழக அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் தரும் அயலகக் கல்வி உதவித்தொகையையும், மத்திய அரசின் தேசிய அயலக உதவித்தொகையையும் கடனுக்கு முன்பே விசாரியுங்கள். அரூர், சித்தேரி, பாலக்கோடு பக்கம் தகுதியுள்ள பிள்ளைகளுக்கு இவை இருப்பதே தெரியவில்லை. சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டும் நடப்பில் இருக்கட்டும்.

பகுதிநேர வேலையில் கட்டணம் கட்டிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பிரிட்டனில் வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணிநேரம், ஆஸ்திரேலியாவில் இரு வாரத்துக்கு 48 மணிநேரம் என்று வரம்பு உண்டு. அதைவிட முக்கியம், பயிற்சிக் காலங்களில் வாரம் முழுக்க சம்பளமில்லாமல் மருத்துவமனையில் இருப்பீர்கள். அந்த வாரங்களில் வேறு வேலைக்கு உடம்பு தாங்காது.

9. தடுப்பூசியும் போலீஸ் சான்றும்

பயிற்சிக்கு அனுப்பும் முன் ஹெபடைடிஸ் பி, தட்டம்மை-பொன்னுக்குவீங்கி-ரூபெல்லா, சின்னம்மை ஆகியவற்றுக்கு ஆதாரம் கேட்பார்கள். காசநோய்ப் பரிசோதனையும் உண்டு. ஹெபடைடிஸ் பி வழக்கமாக 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. அதாவது இதற்கே அரை வருடம் வேண்டும். சிறுவயதுத் தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால், ரத்தத்தில் எதிர்ப்பு அளவைப் பார்த்துச் சான்று வாங்கலாம். இல்லையென்றால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

போலீஸ் கிளியரன்ஸ் சான்றுக்குப் பாஸ்போர்ட் சேவா தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஓசூரிலோ பெங்களூரிலோ தங்கி வேலை பார்ப்பவர்கள் தற்போதைய முகவரிக்கு ஆதாரம் தயாராக வையுங்கள், விசாரணை அங்கேதான் வரும்.

10. விசா

பிரிட்டனுக்கு, உங்கள் சேர்க்கையை உறுதிசெய்து பல்கலைக்கழகம் தரும் 'காஸ்' எண் வந்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். சேமிப்பைக் காட்டுவதென்றால் தேவையான தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் நிராகரிப்பு. சீட்டுப் பணம் கட்டவோ நகையை மீட்கவோ அந்தக் கணக்கைத் தொடாதீர்கள், அதற்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதால் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் காசநோய்ச் சான்று எடுக்க வேண்டும், அது 6 மாதம் செல்லும். சுகாதாரக் கட்டணம் மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு, மொத்தக் காலத்துக்கும் முன்பணமாக. கல்யாணமானவர்கள் கவனிக்க: 2024 ஜனவரிக்குப் பிறகு வகுப்புவழி முதுகலை மாணவர்கள் கணவன், மனைவி, குழந்தையை உடன் அழைத்துப்போக முடியாது.

ஆஸ்திரேலியாவுக்கு சப்கிளாஸ் 500 என்ற மாணவர் விசா. 2024 மே முதல் ஒருவரின் ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 29,710 ஆஸ்திரேலிய டாலரைக் காட்டச் சொல்கிறார்கள். கட்டணமும் பயணச் செலவும் இதற்கு மேல்.

11. சேர்ந்த பிறகு

பயிற்சி இடத்தைப் பல்கலைக்கழகம்தான் ஒதுக்கும். இரண்டு மணிநேரப் பயணத் தொலைவில்கூட விழலாம். வருடக் குத்தகைக்கு வீடு எடுப்பதற்கு முன்பு, பயிற்சிகள் எந்தெந்த மாதத்தில் வரும் என்று துறையில் கேளுங்கள். உடம்பு சரியில்லாமல் விட்ட நாட்களை ஈடுசெய்யாவிட்டால் மணிநேரம் குறையும், பட்டம் தள்ளிப்போகும். விட்ட நாளை அன்றே தெரிவியுங்கள்.

கடைசி செமஸ்டரிலேயே பதிவு விண்ணப்பத்துக்கான காகிதங்களைச் சேருங்கள். பிரிட்டனில் படிப்புக்குப் பிந்தைய கிராஜுவேட் விசா 2 ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. பதிவு எண் கைக்கு வரும்வரை உங்களை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளக்கூடச் சட்டம் அனுமதிக்காது. ஆகவே மாணவர் விசா முடியும் தேதி, கிராஜுவேட் விசாவுக்கு விண்ணப்பிக்கும் தேதி, பதிவுக்கு விண்ணப்பிக்கும் தேதி மூன்றையும் ஒரே காலண்டரில் எழுதி, வீட்டிலும் ஒரு பிரதி கொடுத்துவிட்டுப் போங்கள்.